செயின்சா மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்க

சென்னையில் பெரும்பாலான செயின்சாக்கள் வருஷத்தில் பத்து மாசம் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் வெளியே எடுப்பார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அந்த மாதிரி நேரத்தில் பழைய பெட்ரோல், மழுங்கின செயின், காய்ந்துபோன ரப்பர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து காலை வாரும். மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

கீழே உள்ளவை அறிகுறிவாரியாக எழுதப்பட்டவை. ஆளைக் காயப்படுத்தக்கூடிய கோளாறுகள் பெரும்பாலும் முதலில், வேலையை மட்டும் கெடுப்பவை பிறகு; கரன்ட் மிஷின், கிரைண்டர், பேட்டரி மிஷின் விஷயங்கள் கடைசியில். எதைத் தொடுவதற்கு முன்னாலும் சுவிட்சை ஆஃப் செய்து, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். கரன்ட் மிஷின் என்றால் பிளக் பாயிண்டிலிருந்து ஒயரை உருவ வேண்டும்; பேட்டரி மிஷின் என்றால் பேட்டரி தனியாக வெளியே இருக்க வேண்டும். செயினைக் கையால் நகர்த்தும்போதும் தடித்த கையுறை வேண்டும். நின்றுபோன செயினும் பிளேடுதான்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடுகிறது

இந்த மிஷினோடு ஒரு கிளைகூட வெட்டாதீர்கள். ஐடிலிங்கில் என்ஜின் மட்டும் ஓட வேண்டும், செயின் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த கிளைக்கு நகரும்போது தொடையில் படுவது இப்படிப்பட்ட செயின்தான்.

பெரும்பாலும் ஐடிலிங் கூடியிருக்கும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, என்ஜினை இரண்டு நிமிஷம் சூடாக்குங்கள். பிறகு கார்புரேட்டரில் ‘டி’ என்று குறித்த ஸ்குரூவை இடப்பக்கமாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். செயின் நின்று என்ஜின் மட்டும் சீராக ஓடினால் சரி. செயின் நிற்பதற்குள் என்ஜின் அணைந்துவிடுகிறது என்றால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது கிளட்ச் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கும். கிளட்ச்சைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் தளரும். வழக்கம்போல இடப்பக்கம் தம் கட்டினால் கிராங்க் ஷாஃப்ட் மரை போய்விடும்.

செயின் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிரேக் போட்டால் கருகல் வாடை

மிஷினைத் தரையில் வைத்து, ஐடிலிங்கில் பிரேக்கை முன்னால் தள்ளி, இரண்டு மூன்று விநாடி மட்டும் ஆக்சிலேட்டர் கொடுங்கள். செயின் அசையக் கூடாது. அசைந்தால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எண்ணெயும் தூளும் சேர்ந்து அடைத்திருக்கிறது. பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். கருகல் வாடைக்குக் காரணம் வேறு. பிரேக் போட்டதை மறந்து ஆக்சிலேட்டர் கொடுத்திருப்பார்கள், கிளட்ச் வெந்துபோயிருக்கும்.

சீவலாக வராமல் மாவு மாதிரி தூள் வருகிறது, அழுத்தினால்தான் வெட்டுகிறது

செயின் மழுங்கிவிட்டது. இதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு கோளாறுதான் பாதி அறிகுறிகளுக்கும் தாய்: பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) சூடாவது, செயின் தொங்குவது, கை மரத்துப்போவது, என்ஜின் திணறுவது, மிஷின் எகிறுவது. கூரான செயின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். தோளால் தள்ள வேண்டியிருந்தால், வெட்டு முடியும் நொடியில் அந்தத் தள்ளு வேகம் முழுவதும் உங்கள் காலை நோக்கி வரும்.

புத்தம் புதுச் செயினே வெட்டாமல் புகைகிறதா? தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர்முனை பாரின் மூக்கை, அதாவது நுனியை, பார்த்து இருக்க வேண்டும்.

சென்னைத் தெரு மரங்களில் செயின் மழுங்க இன்னொரு காரணம் ஆணி. விளம்பரப் பலகை, டியூஷன் போர்டு, கேபிள் ஒயர் கம்பி என்று வருஷக்கணக்கில் அடித்ததை மரம் விழுங்கி மேலே பட்டை மூடியிருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே பட்டையில் கறுப்புக் கறையோ மேடோ தெரிந்தால் அதற்கு ஒரு அடி மேலேயோ கீழேயோ வெட்டுங்கள். தென்னை வேறு ரகம்: அதன் மரத்திலேயே மணல் சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். நாரும் மூடிக்குள் போய் ஸ்ப்ராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சுற்றிக்கொள்ளும். தென்னை வெட்டினால் ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் மூடியைத் திறந்து நாரை எடுக்க வேண்டும்.

அரம் போட முதலில் சரியான ரவுண்டு அரம் வேண்டும். செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். சுமார் 8.25 மி.மீ. வந்தால் (கடையில் ‘.325’ என்பார்கள், 52, 58 சிசி சைனா மிஷின்களில் பெரும்பாலும் இதுதான்) 4.8 மி.மீ. அரம். சின்ன மிஷின்களிலும் கரன்ட் மிஷின்களிலும் வரும் ‘மூணு பை எட்டு லோ புரொஃபைல்’ செயினுக்கு 4 மி.மீ. பாரிமுனை டூல்ஸ் கடைகளில் பழைய செயினைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

பாரை வைஸில் கடித்து, செயின் பிரேக்கைப் போடுங்கள். அதிகம் அடிபட்ட, குட்டையான பல்லைத் தேடி, அதிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாப் பல்லும் அதன் நீளத்துக்கு வர வேண்டும். அரத்தைப் படுக்கை மட்டமாகப் பிடித்து, 30 டிகிரி சாய்வில், பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு போதும். எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். பல்லின் நுனியில் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுங்கல் இருக்கிறது. கோடு மறைய வேண்டும்.

நாலைந்து முறை அரம் போட்ட பிறகு, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் பார்க்க வேண்டும். பல் குட்டையாகும்போது மேடு அப்படியே இருப்பதால், பல் கூராக இருந்தும் மரத்தைக் கடிக்காது. மேல் சொன்ன இரண்டு செயினுக்கும் மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். கேஜ் தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் இரண்டு தேய்ப்பு. கேஜ் இல்லாமல் கண்மதிப்பில் தேய்க்காதீர்கள். அதிகம் தேய்த்த செயின் வேகமாக வெட்டுவதுபோல் இருக்கும், ஆனால் மரத்தை வெடுக்கென்று கவ்வி மிஷினை எகிறச் செய்யும். பல்லின் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் செயினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைகிறது

வலது பற்களும் இடது பற்களும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் கல்லில் பட்டிருக்கிறது. நீளமும் கூரும் அதிகம் உள்ள பக்கமாக வெட்டு இழுக்கும். அரத்தால் சமன் செய்தும் வளைந்தால் பாரைப் பாருங்கள். செயின் ஓடும் பள்ளத்தின் இரண்டு விளிம்புகளில் ஒன்று தாழ்ந்திருக்கும். தட்டை அரத்தால் இரண்டையும் மட்டமாக்குங்கள். அடுத்த முறையிலிருந்து செயின் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் ஒரே மாதிரி தேயும்.

மிஷின் திடீரென முகத்தை நோக்கி எகிறுகிறது

பாரின் மூக்கில் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் செயின் கடிக்க முடியாமல் பாரையே மேலே பின்னால் தள்ளும். கிக்பேக் என்பது இதுதான். கண் சிமிட்டும் நேரம்கூட எடுக்காது; சுதாரித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டும் கிளைக்குப் பின்னால் இன்னொரு கிளை, காம்பவுண்டுச் சுவர், தரை ஆகியவற்றில் மூக்கு இடிப்பதுதான் வழக்கமான காரணம். குவியலாகக் கிடக்கும் கிளைகளுக்குள் பாரைச் செருகும்போது மூக்கு எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஒவ்வொன்றாக இழுத்துப் பிரியுங்கள்.

இடது கையின் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிக் கீழே பிடித்திருக்க வேண்டும். மேலே நாலு விரலோடு சேர்த்து வைக்கும் ஆட்கள் அதிகம். எகிறும்போது கை அப்படியே நழுவும். இடது கை நேராக, உடம்பு வெட்டுக்கோட்டுக்கு இடப்பக்கம் விலகி இருக்க வேண்டும். தோளுக்கு மேலே உயர்த்தி வெட்டக் கூடாது, ஏணியில் நின்று வெட்டவே கூடாது. ஆக்சிலேட்டர் முழு வேகம் பிடித்த பிறகு செயினை மரத்தில் வையுங்கள். மரத்தில் வைத்துவிட்டு ஆக்சிலேட்டர் கொடுப்பது தப்பு.

பார் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது

ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்காதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு, மரத்தின் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பாரம் வெட்டின் வாயை மூடுகிறது, அவ்வளவுதான். வெட்டுக்குள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பை அடித்தால் வாய் திறக்கும். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் தெறிக்கும். ஆப்புக்கு இடமில்லை என்றால் பார் நட்டைக் கழற்றி என்ஜினைத் தனியாக எடுத்துவிட்டு, கைரம்பத்தால் கிளையை விடுவியுங்கள்.

மறுபடி மாட்டாமல் இருக்க: இரண்டு முனையும் தாங்கி, நடு தொங்கும் கட்டை என்றால் மேல்பக்கம் நசுங்கி, அடிப்பக்கம் இழுவையில் இருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி மீதி. ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நேர்மாறு: முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. அடியிலிருந்து வெட்டும்போது மிஷின் உங்களை நோக்கித் தள்ளும், அதற்குத் தயாராகக் காலை ஊன்றுங்கள். பக்கவாட்டில் வில்லாக வளைந்த கிளை வெளிவளைவுப் பக்கமாகத்தான் தெறிக்கும். உள்வளைவுப் பக்கம் நில்லுங்கள்.

புயலில் வேரோடு சாய்ந்த மரம் தனிக் கதை. நடைபாதைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டை அடிமரத்தின் எடைதான் சாய்த்துப் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த மறுநொடி அந்த மண்ணும் வேரும் குழிக்குள் திரும்பி உட்காரும். குழிக்குள் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், எட்டிப் பார்க்கக் கூடாது. மின்கம்பி சுற்றிய மரத்தை, கரன்ட் போய்விட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்னாலும் தொடாதீர்கள். எதிர்வீட்டு ஜெனரேட்டர்கூடக் கம்பிக்கு உயிர் கொடுக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. தெரு மரம் என்றால் மாநகராட்சிக்கு 1913.

பாரிலிருந்து புகை, கருகல்

செயின் எண்ணெய் வரவில்லை. வெளுத்த தரைக்கு ஒரு சாண் மேலே மூக்கைப் பிடித்து அரை ஆக்சிலேட்டர் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் தரையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, பள்ளத்தை மெல்லிய தகட்டால் சுரண்டி, பாரின் அடியில் உள்ள எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். பத்தில் ஒன்பது இங்கேயே தீரும். பிறகும் வராவிட்டால் டாங்கிக்குள் இருக்கும் ஃபில்டர், அப்புறம் பம்ப்.

வண்டி சர்வீஸில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் இங்கே நிறைய. அதிலுள்ள இரும்புத்தூள் பம்பைத் தேய்க்கும், கையிலும் துணியிலும் தெறிப்பது தோலுக்கும் கேடு. பார் ஆயில் கிடைக்காத அவசரத்துக்குப் புது என்ஜின் ஆயில் போதும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் எண்ணெயும் நிரப்புங்கள். பெட்ரோல் தீர்ந்தும் எண்ணெய் டாங்கி நிறைந்தே இருந்தால் அதுவே அறிகுறி.

செயின் தொங்குகிறது, கழன்று விழுகிறது

சூட்டில் செயின் நீளும். பார் நட்டு இரண்டையும் தளர்த்தி, பாரின் மூக்கைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் ஸ்குரூவைத் திருகி, தூக்கியபடியே நட்டை இறுக்குங்கள். மூக்கைத் தூக்காமல் இறுக்கினால் முதல் வெட்டிலேயே மறுபடி தொங்கும். செயின் பாரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், கையுறையோடு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது சுருங்கி ஷாஃப்டை இழுக்கும். சரியாக இறுக்கியும் கடகடவென்று குதித்தால் பிட்ச் மாறிய செயின், அல்லது பள்ளம் விழுந்த ஸ்ப்ராக்கெட். பள்ளம் அரை மி.மீ.க்கு மேல் என்றால் மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை

பத்து மாசம் டாங்கியில் கிடந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னையின் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அடியில் கலங்கலாகத் தனி அடுக்கு தெரிந்தால் அது தண்ணீரும் எத்தனாலும். அதில் எண்ணெய் கலக்காது. அதைக் குடித்து என்ஜின் ஓடினால் பிஸ்டன் வறண்டு பிடித்துக்கொள்ளும். கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்குங்கள். கலந்ததை ஒரு மாசத்துக்கு மேல் வைக்காதீர்கள். எடுத்து வைக்கும் முன் டாங்கியைக் காலி செய்து, என்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள்.

கலவை அளவு மிஷின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ டி (டூ ஸ்டிரோக்) ஆயில். 40-க்கு 1 என்றால் 25 மி.லி.; 25-க்கு 1 என்றால் 40 மி.லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதைவிட மருந்துக்கடை சிரிஞ்சு நல்லது. என்ஜின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்து அடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெட்ரோல் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் சோக்கோடு அதிகம் இழுத்து மூழ்கடித்திருக்கிறீர்கள். சுவிட்ச் ஆஃப், சோக் திறந்து, பிளக் இல்லாமலே கயிற்றை ஏழெட்டு முறை இழுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும். பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை: டாங்கி ஃபில்டர், விரிசல் விட்ட டியூப், விறைத்துப்போன கார்புரேட்டர் டயாஃப்ரம். பத்து நிமிஷம் ஓடி அணைகிறது, டாங்கி மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று இழுத்துவிட்டு மறுபடி ஓடுகிறது என்றால் காற்றுத் துவாரம் அடைப்பு.

டாங்கியில் பெட்ரோல் இருந்தும் என்ஜின் திடீரென்று வீறிட்டால் உடனே அணையுங்கள். எங்கோ காற்று புகுந்து கலவை வறண்டிருக்கிறது. டூ ஸ்டிரோக்குக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது, வறட்சி என்றால் எண்ணெயும் இல்லை.

கரன்ட் மிஷின்: திணறல், லேசான ஷாக், தீப்பொறி

2,000 வாட் செயின்சா 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஃபேன் மாட்டும் 6 ஆம்பியர் பாயிண்ட் அதற்குத் தாங்காது. ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயிண்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் 15 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5. மெல்லிய ஒயரில் வோல்டேஜ் குறைந்து மோட்டார் முனகும், சூடாகும். சுருளை முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் உள்ளே ஒயர் உருகும்.

கையில் லேசாகச் சுறுசுறுவென்று வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் ஓட்டுங்கள். தூறலில் வேண்டவே வேண்டாம். கார்பன் பிரஷ் பக்கம் சின்ன நீலப்பொறி சகஜம். ஆர்மேச்சரைச் சுற்றி மஞ்சள் வளையமாக எரிந்து வாடை வந்தால் மோட்டார் காயில் போய்விட்டது. பிரஷ் 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

ஆங்கிள் கிரைண்டர் வெட்டும்போது பிடுங்கிக்கொண்டு போகிறது

செயின்சாவுக்குப் பதிலாக நாலு இஞ்ச் கிரைண்டரில் மரம் வெட்டும் பல் பிளேடு மாட்டியிருக்கிறதா? கழற்றி வையுங்கள். இதற்கு வேறு தீர்வு கிடையாது. அது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. பல் மரத்தில் கவ்வியதும் தடுக்க பிரேக்கும் இல்லை, சரியான கார்டும் (பிளேடை மறைக்கும் தடுப்பு) இல்லை. ஏழு இஞ்ச் வீல் போடுவதற்காகக் கார்டைக் கழற்றுவது இன்னும் மோசம்: அந்த வீலின் உச்ச வரம்பே 8,500 சுற்றுதான். கட்டிங் வீலின் நடு வளையத்தில் மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கும், தேதி தாண்டியதை மாட்டாதீர்கள். புது வீலை ஆட்கள் இல்லாத திசையில் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

வேலைக்குப் பிறகு விரல் மரத்துப்போகிறது

பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் அல்லது ஸ்பிரிங் கிழிந்திருக்கிறதா என்று பிடியை ஆட்டிப் பாருங்கள். அடுத்தது செயின் கூர். குளிர் ஊர்களில் விரல் வெளுப்பதைப் பார்த்து அதிர்வின் பாதிப்பைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே அந்தக் குளிர் இல்லாததால் மரத்தலும் பிடி தளர்வதும்தான் முதலில் தெரியும். மறுநாள் காலையிலும் மரத்தல் நீடித்தால் டாக்டரிடம் காட்டும்வரை மிஷினைத் தொடாதீர்கள்.

பேட்டரி மினி செயின்சா கையை வெட்டிவிட்டது

முருங்கை கழிக்க ஆன்லைனில் வாங்கும் நாலு, ஆறு இஞ்ச் மிஷின்களில் பலவற்றுக்குச் செயின் பிரேக் கிடையாது, ஆனால் மூக்கு அதேபோல எகிறும். வலது கையில் மிஷின், இடது கையில் கிளை என்று பிடிப்பதால் இடது மணிக்கட்டுதான் அடிபடுகிறது. சுத்தத் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழு பலத்தோடு அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம், தையல் போடுபவர் முதலில் அதைத்தான் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.